ஊருக்கு ஒரு கோடை முகாம்

ஏப்ரல் பிறந்ததும் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளில் கோடை முகாம் பிளக்ஸ்கள் முளைத்துவிடுகின்றன. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஸ்போக்கன் இங்கிலீஷ், கராத்தே, கீபோர்டு, ரோபோட்டிக்ஸ் என்று பட்டியல் நீளும். அடியில் ‘வாழ்க்கைத் திறன்கள்’, ‘நற்பண்புகள்’ என்ற இரண்டும் தவறாமல் இடம்பிடித்திருக்கும். கோடை முகாமில் அவை இரண்டும் வளரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஓர் அறையில் கூடி, ஆளுக்கொரு வித்தை கற்றுக்கொண்டு கலைகிற இடத்தில் அவை வளர்வதில்லை. தெருவாலும் பள்ளியாலும் சாதியாலும் வருமானத்தாலும் பிரிந்து கிடக்கும் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, ஊருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையைச் செய்து முடிக்கும்போதுதான் வளர்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊராட்சியிலும், அரசுப் பள்ளி வளாகத்தில், கட்டணம் இல்லாமல், மே மாதத்தில் இரண்டு வாரம் அப்படியொரு முகாம் நடக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் கோடை விடுமுறை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. விடியும் முன்பே கூடலூர், கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து ஜீப்புகள் கிளம்பி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகின்றன. அவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி நடக்கும் நாட்களில் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கவலை அந்தத் தாய்க்கு இல்லை. மதியச் சோறு பள்ளியில் கிடைக்கிறது. 2022-இல் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலைப் பசியையும் பார்த்துக்கொள்கிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டியதும் இந்த இரண்டு வேளையும் நின்றுபோகின்றன. பத்து வயதுப் பெண்பிள்ளை ஐந்து வயதுத் தம்பிக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, காவல் இருக்கிறாள். அவளுக்கு விடுமுறை என்பதே ஏது? வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. பள்ளி மூடினாலும் பசி மூடுவதில்லை என்பதுதான் அந்த உத்தரவின் நியாயம். பெற்றோர் இருவரும் கூலிக்குப் போகும் வீடுகளுக்கு அது வறட்சி இல்லாத ஆண்டுகளிலும் பொருந்தும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இல்லங்கள் வழியாகப் பல ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டும் பரிசோதனையுமாக நல்ல வேலை செய்திருக்கிறது. ஆனால் அரசு முகாம்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுகின்றன. கூடலூரிலிருந்து தேனிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். பஸ் ஏற்றிவிட ஆளில்லாத பிள்ளைக்கு அந்த முகாம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன?

சரி, முகாமில் என்ன கற்றுக்கொடுப்பது? உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த வாழ்க்கைத் திறன்கள் பத்து. தன்னை அறிதல், பிறர் நோவைத் தன் நோவாக உணர்தல், ஆய்ந்து பார்த்தல், புதிதாக எண்ணுதல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பேசிப் புரியவைத்தல், உறவு பேணுதல், நெருக்கடியையும் உணர்ச்சியையும் கையாளுதல் ஆகியவை அவை. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வகுப்பு எடுத்தால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. எனவே இந்தப் பள்ளத்தாக்குக்கு முதன்மையான ஒரு திறனை எடுத்துக்கொள்வோம்: தண்ணீரில் உயிர் பிழைப்பது. 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சாவுக்கான காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் ஊர்களில் இந்தச் செய்திகள் கோடையில்தான் குவிகின்றன. முல்லைப் பெரியாற்றில் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் வரை ஓட்டம் குறைவாகவே இருக்கும். ஓட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது தவறு. மேலே முழங்கால் அளவு தெரிந்தாலும், தடுப்பணைக்குக் கீழேயும் மணல் அள்ளிய இடங்களிலும் கசம் அப்படியே ஆழமாகக் கிடக்கும்.

முந்தின தலைமுறை நீச்சலைத் தோட்டத்துக் கிணற்றில் கற்றது. முதுகில் கேனைக் கட்டிவிட்டு மாமனோ அண்ணனோ தள்ளிவிடுவார்கள். திராட்சையும் வாழையும் பரவி, போர்வெல் ஆழ ஆழப் போனதில் அந்தக் கிணறுகள் பல வற்றிவிட்டன, சில தூர்ந்துவிட்டன. கற்றுக்கொடுக்க மாமனுக்கும் நேரமில்லை. பெண்பிள்ளைகளுக்கோ அன்றும் அந்த வாய்ப்பு அரிது. இந்த இடைவெளியை ஊர் முகாம் அடைக்க முடியும் என்பதற்கு வங்கதேசம் சான்று. அங்கே கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு உயிர்காக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய நீச்சல் குளமோ வெளிநாட்டுப் பயிற்சியாளரோ அதற்குத் தேவைப்படவில்லை.

நீச்சலைவிட முக்கியமான பாடம் ஒன்று கரையிலேயே இருக்கிறது. நம் பகுதியில் மூழ்கிச் சாகும் பிள்ளைகள் பல நேரம் இருவராக, மூவராகச் சாகிறார்கள். முதல் பிள்ளை தத்தளிப்பதைப் பார்த்து இரண்டாவது பிள்ளை குதிக்கிறது. மூழ்குகிற பிள்ளை காப்பாற்ற வந்தவன் கழுத்தையே கட்டிக்கொள்ளும். குதிக்காமல் காப்பாற்றுவது எப்படி என்பதைத் தீயணைப்பு நிலையத்தார் ஒரே காலையில் செய்துகாட்டிவிடலாம். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீளக் கம்பை நீட்டுவது, சேலையையோ துண்டையோ முறுக்கி எறிவது, கயிறு கட்டிய லாரி டியூபை அவன் கைக்கு எட்டும்படி வீசி இழுப்பது, ஒருவனை ஆள் கூப்பிட ஓடவிட்டு மற்றவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. இதைப் பத்து முறை பழகிய பிள்ளை, பதற்றத்தை அடக்குவது, முடிவெடுப்பது, வேலையைப் பகிர்வது, உரக்கத் தெளிவாகச் சொல்வது எல்லாவற்றையும் உடம்பால் கற்றிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

திறனைப் போலவே பண்பையும் சொல்லிக்கொடுத்து வரவழைத்துவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் அது பேசியது. அதைத் தென்கோடி மாவட்டத்துச் சங்கதி என்று நாம் தள்ளிவைக்க வழியில்லை. 1989-இல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தை இங்கே பலரும் இன்னும் மறக்கவில்லை. தெருக்கள் இன்றும் சாதிவாரியாகவே இருக்கின்றன. வசதி உள்ள பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகிறது, இல்லாதது அரசுப் பள்ளிக்கு நடக்கிறது. ஒரே ஊரில் பிறந்த இரண்டு பிள்ளைகள் பதினைந்து ஆண்டு ஒருவரோடு ஒருவர் உட்காராமலே வளர்ந்துவிட முடிகிறது.

இங்கேதான் ஒரு கோடை முகாமில் நடந்த, சமூக உளவியலின் மிகப் புகழ்பெற்ற சோதனை ஒன்று உதவிக்கு வருகிறது. 1954 கோடையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் உளவியலாளர் முஸாபர் ஷெரீப் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துவந்தார். பதினொன்று, பன்னிரண்டு வயது, ஒரே நிறம், ஒரே மதப் பிரிவு, ஒரே மாதிரி நடுத்தர வீடுகள். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்து, பிறகு பரிசு வைத்துப் போட்டிகள் நடத்தினார். சில நாட்களில் ஒரு குழு மற்றதன் கொடியைக் கொளுத்தியது, தங்குமிடத்தைச் சூறையாடியது. முன்பகை ஏதும் இல்லாத பிள்ளைகள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அடுத்து அவர்களைச் சேர்ந்து சாப்பிடவைத்தார், சேர்ந்து படம் பார்க்கவைத்தார். பகை குறையவில்லை, சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். கடைசியில் முகாமின் குடிநீர்க் குழாயில் அடைப்பு ஏற்படுத்தினார்கள் ஆய்வாளர்கள். தாகத்தில் இரண்டு குழுவும் சேர்ந்து குழாய் வழியே தேடிப்போய் அடைப்பை எடுத்தன. உணவு ஏற்றிவர வேண்டிய லாரி நின்றுபோனபோது, கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி எல்லோருமாக இழுத்தார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் செய்யச் செய்யப் பகை கரைந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களைச் சோதனைப் பொருளாக்கியது அறமில்லை. அதை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகாம் விட்டுச்சென்ற படிப்பினை நமக்கு நேராகப் பொருந்துகிறது. பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதாது, சமபந்தி மட்டும் போதாது. தனியாகச் செய்ய முடியாத, இருவருக்கும் தேவையான வேலை வேண்டும். ஷெரீப் அதற்கு முந்தைய ஆண்டு நடத்திய இன்னொரு முகாமையும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகள் முதலில் ஒன்றாகக் கூடிப் பழகிவிட்டார்கள். பிறகு பிரித்துச் சண்டை மூட்டப் பார்த்தபோது அவர்கள் சிக்கவில்லை, சோதனையே தோற்றுப்போனது. ஷெரீப் அதைப் பெரிதாக வெளியில் சொல்லவில்லை. ஜினா பெர்ரி என்ற ஆய்வாளர் 2018-இல் எழுதிய நூலில்தான் அது விரிவாக வெளிவந்தது. முதலில் நட்பானவர்களைப் பின்னால் பிரிப்பது எளிதில்லை என்கிற இந்தத் தோல்வி, எனக்கு அந்த வெற்றியைவிடப் பெரிய நம்பிக்கை தருகிறது. நம் ஊர் முகாம்களில் இன்று நடப்பது என்ன? முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கேடயம், சான்றிதழ். கபடிக்கு அணி பிரித்தால் தெருவாரியாகப் பிரிகிறது. தெரு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முகாமின் மையமாக ஒரு பொது வேலை இருக்கட்டும். என் பரிந்துரை, ஊரின் நீர் ஆபத்து வரைபடம். கலந்து பிரித்த ஆறேழு குழுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரியவர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எது, ஆற்றுப் படித்துறையில் பாசி பிடித்து வழுக்கும் இடம் எது, கசம் எங்கே, கண்மாயில் மண் எடுத்த குழி எங்கே என்று விசாரித்து வரைய வேண்டும். ஆபத்தான ஒவ்வோர் இடத்திலும் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு டியூப். நூல் கட்டிய கல்லால் ஆழம் பார்ப்பது பெரியவர் வேலை, எழுதுவதும் வரைவதும் பிள்ளைகள் வேலை. கசம் எங்கே என்று தெரிந்தவர் ஆற்றோரம் மாடு மேய்க்கிற தாத்தாவாக இருப்பார். எந்தத் தெருக்காரராக இருந்தாலும் அவரிடம் போய் மரியாதையாகக் கேட்டாக வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இன்னொரு தெருவுக்குத் தெரியாது, எல்லோரும் வாய் திறந்தால்தான் வரைபடம் முழுமையாகும். இதற்கு நடுவே ஒரு நாள் திராட்சைப் பந்தலுக்கு நடக்கலாம். கவாத்து வெட்டியதில் இருந்து கொத்து அறுக்க ஏறத்தாழ நான்கு மாதம். அதுவரை மருந்து, உரம், கூலிக்கு என்ன செலவாகிறது, கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விவசாயியிடமே கேட்டுக் கணக்குப் போட்டால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பின்னால் இருக்கும் கடனும் துணிச்சலும் பிள்ளைகளுக்குப் புரியும்.

யார் நடத்துவது என்பது நியாயமான கேள்வி. தேர்தல், கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே சுமை தாங்கும் ஆசிரியர்கள் மேல் இதையும் ஏற்றக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2008 ஜூனில் பீகாரில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் அரசும் சேர்ந்து நடத்திய ஒரு மாதக் கோடை முகாமின் முடிவு யோசிக்கவைக்கிறது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதை ஆராய்ந்தார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களே அந்த முகாமில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பலன் தெளிவாகத் தெரிந்தது. அதே வகைப் பயிற்சியையும் பாடப்பொருளையும் பள்ளி நாட்களில் ஆசிரியர்களிடம் கொடுத்தபோது, தன்னார்வலர் துணை இல்லாத இடங்களில் பலன் இல்லை. சிலபஸ் முடிக்கும் நெருக்கடி இல்லாத நேரம் கிடைத்தால் ஆசிரியரால் என்ன முடியும் என்பதை இது காட்டுகிறது. தன்னார்வலர் பலம் நம் மாநிலத்திலேயே நிரூபணமானது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஊர்ப் பெண்கள்தான் மாலை வகுப்பு எடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. அந்தப் பெண்கள் இன்றும் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஊருக்கு இருவருக்கு மதிப்பூதியம் கொடுத்து, விருப்பமுள்ள ஓர் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுத்தால் முகாம் நடக்கும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் கிராமத்தில் தங்கி வேலை செய்வது 1969 முதல் இருக்கிற வழக்கம். பிளஸ் 2 முடித்த அந்தப் பிள்ளைகளும் கை கொடுப்பார்கள்.

விடுமுறையையும் வகுப்பாக்கிவிடாதீர்கள், பிள்ளை தாத்தா பாட்டி ஊருக்குப் போகட்டும், மாங்காய் அடிக்கட்டும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆறு வாரத்தில் இரண்டே வாரம்தான் கேட்கிறேன், அதிலும் காலை ஏழு முதல் பதினொன்று வரை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு வைத்தால் எந்த வீட்டுக்கும் இடையூறில்லை. மே வெயிலை மதித்துத்தான் நேரத்தைக் குறுக்குகிறேன். வெயிலுக்காக 2024-இல் பள்ளித் திறப்பே ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. பதினொரு மணிக்குச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டால் மிச்சப் பகல் பிள்ளைகளுடையது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்த மாவட்டத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதாகச் சொன்னால் தாய்மார் நெஞ்சில் அந்த நினைவு எழத்தான் செய்யும். அதனால்தான் கோடையில் காட்டுக்குள் நடை வேண்டாம் என்கிறேன். நீச்சல் பயிற்சி இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத, முன்கூட்டிப் பார்த்த இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். தண்ணீருக்குள் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், கரையில் தனியாக ஒரு காவல், பெற்றோர் கையெழுத்து. பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர். இவை இல்லாத ஊரில் நீச்சலை விட்டுவிட்டுக் கரைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முகாம் இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் அது ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குழந்தைத் திருமணம் இந்த மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. பள்ளிக் கண்காணிப்பு விலகும் கோடையில் ஒரு சிறுமி இரண்டு நாள் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கத் தோழிகளும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க ஓர் அக்காவும் முகாமில் இருப்பார்கள்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்தால் சில பெற்றோர் அனுப்ப மாட்டார்கள் என்பதுதான் கடினமான மறுப்பு. உண்மை, முதல் ஆண்டு சிலர் அனுப்ப மாட்டார்கள். ஆனால் அரசுப் பள்ளியில் இருபதாண்டுகளுக்கு முன் ஒன்றாகப் படித்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று பிரிந்து படிக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குக் கலந்து வளர்ந்த அனுபவம் புதிதில்லை. நீச்சலும் உயிர்காக்கும் பயிற்சியும் வேறெங்கும் கிடைக்காது என்று தெரிந்தால் தனியார் பள்ளி வீடுகளும் வரும். அதற்காகவே முகாம் தரமாக இருக்க வேண்டும், ஏழைகளுக்கு ஒதுக்கியது என்ற முத்திரை அதன் மேல் விழக் கூடாது. குழு பிரிப்பதை மட்டும் எவர் சொன்னாலும் தெருவாரியாக விட்டுவிடக் கூடாது.

இதற்குத் தனிச் சட்டமோ பெரிய அறிவிப்போ தேவையில்லை. சத்துணவு மையத்தை அந்த இரண்டு வாரம் திறந்துவைக்க மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும், தீயணைப்புத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் தேதி ஒதுக்கித் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், அவர்கள் வளாகத்தைத் திறந்துவிட்டால் போதும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. முகாமுக்கான தீர்மானத்தையும் செலவுக் கணக்கையும் அன்றைக்கு நிறைவேற்றினால் மே மாதத்துக்குப் போதிய அவகாசம் இருக்கும். பிள்ளைகள் வரைந்த வரைபடத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவர்களே வாசிக்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளுக்கு எப்போது சுவர் எழும்பும் என்று அங்கே அவர்கள் கேட்கும்போது, ஊராட்சி தேதி சொல்லிப் பதில் தர வேண்டும்.